எஸ்தாக்கியார் ஆவடிக்குப் போன வழி

ஜெர்மனிக்குப் போய் வந்தவன் என்பதால் பார்க்கிறவர்கள் எல்லாம் பயணக் கட்டுரை எழுதச் சொல்கிறார்கள். உண்மையில் ஜெர்மனியில் எனக்கு ஒன்றுமே நடக்கவில்லை. கம்பெனியில் வாங்கிய புது மெஷினை ஓட்டப் பழகி வரச் சொல்லி நியூரம்பர்க் நகரத்துக்கு அனுப்பினார்கள். பழகினேன். ரயில் தாமதமாக வந்தது. ஆனால் எவ்வளவு தாமதம் என்று பலகையில் எழுதிவிட்டுத்தான் வந்தது. யாரும் என் மேல் இடிக்கவில்லை. எந்த ஊர் என்று கேட்கவில்லை. பக்கத்து சீட்டுக்காரர் என் பொட்டலத்தில் என்ன இருக்கிறது என்று எட்டிக்கூடப் பார்க்கவில்லை. இதை வைத்துக்கொண்டு அரைப் பக்கம் எழுத முடியாது.

நான் பயணம் என்று ஒப்புக்கொள்வது அதற்குப் பிறகு போனதைத்தான். அம்பத்தூர் மேனாம்பேட்டில் எங்கள் வீடு. அங்கிருந்து ஆவடி குவாட்டர்ஸுக்குப் போக வேண்டும். ரயிலேறினால் மூன்றாவது ஸ்டேஷன். நான் குமணன்சாவடி, நெமிலிச்சேரி வழியாகப் போனேன்.

ஆவடியில் இருந்தது ஸ்டெல்லாவின் அப்பா. ஸ்டெல்லா எங்கள் கம்பெனியில் தரம் பார்க்கும் பிரிவில் இருக்கிறாள். நாங்கள் கல்யாணம் செய்துகொள்வதென்று எங்களுக்குள் முடிவாகிவிட்டது. அவள் அப்பா யூஸ்டஸ் சார் ராணுவத் தொழிற்சாலையில் இரும்பைக் கடையும் லேத் மெஷின் முன்னால் நின்றே தலை நரைத்தவர். சொந்த ஊர் தூத்துக்குடி. பெண் கேட்க நான் தனியாகத்தான் போனேன்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அதனால் கரண்ட் பில்லிலிருந்து காய்ச்சல் மாத்திரை வரை எல்லாவற்றையும் எல்லாருக்கும் விளக்கிச் சொல்லும் வேலை சின்ன வயதிலேயே என் தலையில் விழுந்தது. பழக்கம் விடவில்லை. அன்றைக்கு யூஸ்டஸ் சாரிடம் என் சம்பளம், இரண்டு மதங்களுக்கும் பொதுவான கருத்துகள், பிறக்கப்போகும் பிள்ளைகளின் படிப்பு எல்லாவற்றையும் விளக்கினேன். கிளம்பும்போது, லேத் மெஷின் எப்படி வேலை செய்கிறது என்பதையும் சொல்லிவிட்டு வந்தேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில், "பாப்பம்," என்றார்.

அந்தப் 'பாப்பம்' மழைக்காலத்தைத் தாண்டி, வெயில் காலத்தையும் தாண்டிவிட்டது. "நீ வாயத் தொறக்காம உக்காந்திருந்தா அன்னைக்கே சரின்னு சொல்லியிருப்பாரு," என்று ஸ்டெல்லா பார்க்கும்போதெல்லாம் சொல்வாள்.

நான் ஜெர்மனிக்குக் கிளம்பியபோது அவள் ஒரு வேலை கொடுத்தாள். அவள் அப்பாவுக்குத் தன் பேருக்கு உரிய புனிதர் எப்படி இருப்பார் என்றே தெரியாது. அந்தக் காலத்துப் பாதிரியார் ஒருவர் ஞானஸ்நானத்தின்போது வைத்துவிட்டுப் போன பெயர். அவர்கள் கோவிலில் அந்தோணியார் இருக்கிறார், சவேரியார் இருக்கிறார், செபஸ்தியார் அம்போடு இருக்கிறார். யூஸ்டஸுக்கு மட்டும் சுரூபம், சிலை எதுவும் கிடையாது. பேருக்குரிய புனிதரின் திருநாளை நாம விழா என்பார்கள். அன்று ஒவ்வொருவரும் தத்தம் புனிதர் முன்னால் மெழுகுவத்தி ஏற்றுவார்கள். இவர் அந்தோணியாரிடம் ஏற்றிவிட்டு, இரவல் வாங்கியவர் மாதிரி சீக்கிரமாகத் திரும்பி வருவாராம். "அங்க தேடிப் பாரு. எங்கப்பாவோட ஆளு எங்கயாவது கெடைப்பாரு," என்றாள்.

கிடைத்தார். அருங்காட்சியகத்தில் இருந்தார். நம் பக்கத்துப் பழைய வழக்கில் அவரை எஸ்தாக்கியார் என்பார்கள். ஐந்நூறு வருடங்களுக்கு முன் அந்த ஊர்க்காரர் ஒருவர் செம்புத் தகட்டில் கூர்முனையால் கீறி, மை தடவி, காகிதத்தில் அழுத்தி எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். எஸ்தாக்கியார் ரோமாபுரிப் படைத்தலைவர். வேட்டைக்குப் போகிறார். துரத்திய மான் நின்று திரும்புகிறது. அதன் கொம்புகளுக்கு நடுவில் சிலுவையில் தொங்கும் இயேசு. படைத்தலைவர் குதிரையை விட்டு இறங்கி, மண்டியிட்டு, இரண்டு கைகளையும் தூக்கியபடி அப்படியே உறைந்திருக்கிறார்.

வேடிக்கை என்னவென்றால் படத்தில் மான் சிறியது. முதலில் கண்ணில் படுவது குதிரை. அதற்குக் கீழே ஐந்து வேட்டை நாய்கள். ஒன்றுகூட மானைப் பார்க்கவில்லை. தூரத்து மலைமேல் கோட்டை, அதைச் சுற்றிப் பறவைகள். நாயின் உடம்பில் ஒவ்வொரு முடியும் தனித்தனியாகக் கீறியிருக்கிறது. அதைப் பார்க்கக் கண்ணாடியில் மூக்கை வைத்தேன். எங்கோ மணி அடித்தது. காவலுக்கு இருந்த அம்மாள் வந்து ஏதோ சொன்னார். பக்கத்தில் இருந்தவர் ஆங்கிலத்தில் சொன்னதன் பொருள்: 'படம் எங்கேயும் ஓடாது, மூக்கை எடுங்கள்.' ஜெர்மனியில் ஒருவர் தானாக வந்து என்னிடம் பேசியது அந்த ஒருமுறைதான்.

அங்கேயே கடையில் அசலின் அதே அளவில் ஒரு பிரதி வாங்கினேன். அட்டைக் குழாயில் சுருட்டிக் கொடுத்தார்கள்.

ஊர் திரும்பியதும் ஸ்டெல்லா ஒரு செய்தி சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை அவள் அப்பாவுக்கு நாம விழா. "அந்தத் தம்பியச் சாப்பிட வரச் சொல்லு," என்று அவரே சொல்லியிருக்கிறார். அன்றைக்கு ஏதோ ஒரு பதில் கிடைக்கும் என்பதில் எங்கள் இருவருக்கும் சந்தேகமில்லை. என்ன பதில் என்பதில்தான் சந்தேகம். "வந்து படத்தைக் குடு, சிரி, சாப்பிடு. பேசாத," என்றாள்.

படத்துக்குக் கண்ணாடிச் சட்டம் போட வேண்டும். அம்பத்தூரில் இல்லாத கடையா? ஆனால் அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "குமணஞ்சாவடியில ஒரு பாய் கீறாரு. உங்க மாமா படத்த அவருதான் பண்ணாரு. இன்னிக்கி வரைக்கும் கண்ணாடிக்குள்ள ஒரு பூச்சி போனது கெடையாது," என்றாள். மாமாவின் படம் எங்கள் வீட்டுக் கூடத்தில் தொங்குகிறது. வேலை சுத்தம்தான். அது எந்த மாதிரிப் படம் என்பதை அந்த நிமிடம் நான் யோசித்திருந்தால் இந்தக் கட்டுரை இல்லை.

முதல் பயணம், அம்பத்தூர் எஸ்டேட்டிலிருந்து பூந்தமல்லி பஸ். குழாயை நிறுத்தினால் மேல் கம்பியில் இடித்தது. படுக்க வைத்தால் முன் சீட்டுப் பெண்ணின் முதுகில் இடித்தது. கண்டக்டர் வந்தார்.

"இன்னாது, பைப்பா?"

ஓவியம் என்றேன். எந்த நூற்றாண்டு என்றும் சொன்னேன்.

"பைப்புன்னா லக்கேஜ் போடணும். ஓவியத்துக்கு இன்னா ரூல்ஸுன்னு எனக்குத் தெரியாது. கைல புட்சிகினு வா," என்றார்.

பிடித்துக்கொண்டுதான் வந்தேன். வானகரம் தாண்டி ஒரு மாடு குறுக்கே வந்தது. டிரைவர் பிரேக் போட, குழாய் என் கையைவிட்டு எல்லார் கால்களுக்கும் இடையே உருண்டு இஞ்சின் பெட்டி வரைக்கும் போய்விட்டது. அங்கிருந்து கை மாறி கை மாறித் திரும்பி வந்தது. வழியில் ஒருவர் காதில் வைத்துக் கேட்டார், இன்னொருவர் குலுக்கிப் பார்த்தார். பின் சீட்டில் வடக்கத்தித் தொழிலாளர்கள் இருவர் பேசிக்கொண்டதை என் அரைகுறை இந்தியில் மொழிபெயர்த்தால் இப்படி வரும்: 'துப்பாக்கி வைத்திருக்கிறானா இவன்?' 'இந்த மூஞ்சிக்கா? காலண்டராக இருக்கும்.'

ஜெர்மனியில் ஒரு வண்டியும் வராத சாலையில்கூடச் சிவப்பு விளக்கு அணையும்வரை நிற்கிறார்கள். குமணன்சாவடியில் கையை நீட்டிக்கொண்டு நடந்தால் லாரி நிற்கும். நின்றது. எதிர்ப்பக்கம் போய், டீயும் சூடான சமோசாவும் சாப்பிட்டேன். டீக்கடைக்கு அடுத்ததே பாய் கடை.

உள்ளே சுவர் முழுக்க மனிதர்கள். கோட்டு போட்டவர்கள், நகை போட்டவர்கள், யாரும் சிரிக்காதவர்கள். ஜெர்மன் அருங்காட்சியகத்தில் பிரபுக்களின் படங்கள் மாட்டிய அறை எனக்கு அப்படியே நினைவுக்கு வந்தது. சிலருக்கு மாலை இருந்தது, சிலருக்கு விளக்கு இருந்தது. நம் ஊரில் மாலை போடாத படம் எது என்று நினைத்துக்கொண்டேன். எதையாவது விளக்க வேண்டும் என்று வாய் ஊறத் தொடங்கிவிட்டால் எனக்கு எதிரே இருப்பது தெரியாது.

படத்தை விரித்தேன். பாய் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார். கலர் கிடையாதா என்று கேட்டார். கறுப்பு வெள்ளைதான் என்றேன். "ஆமா, இதுக்கு அதான் சரி," என்று மெல்லத் தலையாட்டினார். கிறிஸ்தவர்கள் இப்போதெல்லாம் முகத்தைப் போடாமல் சாமி படத்தோடு பேரைப் போட்டுக்கொள்கிறார்கள் என்றும், அதுவும் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது என்றும் சொன்னார். ஏதோ புது வழக்கம் என்று விட்டுவிட்டேன். செம்புத் தகட்டைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு கேட்டார். செதுக்கோவியத்தை இவ்வளவு உருக்கமாகக் கேட்ட மனிதரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

யார் பேருக்கு என்று கேட்டார். திரு. யூஸ்டஸ், ஆவடி என்றேன். எழுதிக்கொண்டார்.

"உனுக்கு இன்னா வேணும் தம்பி?"

"மாமனாருங்க. அதாவது இன்னும் ஆகல. ஆகப் போறவரு."

பாய் எழுதுவதை நிறுத்தினார். "ஆவறதுக்குள்ளயேவா," என்று உச்சுக்கொட்டினார். மாமனார் ஆகும் முன்பே ஒரு பையன் இவ்வளவு செய்கிறானே என்று வியக்கிறார் என எடுத்துக்கொண்டேன்.

என்றைக்கு வேண்டும் என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு இருக்கிறது, அதற்குள் வேண்டும் என்றேன். சாப்பாட்டில் மட்டும் குறை வைத்துவிடாதீர்கள் என்றார். பிறகு, தேதிகளைச் சொன்னால் போட்டுவிடுவதாகச் சொன்னார். படத்தைச் செதுக்கிய தேதியைக் கேட்கிறார் என்று நினைத்து, சரியாகத் தெரியவில்லை, ஐந்நூறு வருடம் இருக்கும் என்றேன். பாய் எழுந்து வந்து என் தோளைப் பிடித்தார்.

"வுடு தம்பி. எடத்த காலியா வுட்டுடறேன். மனசு தேறினப்பறம் வந்து சொல்லு, ஒட்டிக்கலாம்."

நல்ல படத்தைப் பார்த்தால் எனக்குக் கண் கலங்குவது உண்டு. அது வெளியே தெரிந்துவிட்டது போலிருக்கிறது என்று வெட்கத்தோடு வீடு திரும்பினேன்.

இரண்டாம் பயணம் ஞாயிற்றுக்கிழமை. பாய் கடை பூட்டியிருந்தது. டீக்கடைக்காரர் என்னை அடையாளம் கண்டு, "பாய் கல்யாணத்துக்குப் போய்கிறாரு அண்ணாத்தே, உன்னிது இங்க கீது," என்று உள்ளேயிருந்து எடுத்துக் கொடுத்தார். வெள்ளைத் தாளில் இறுக்கிச் சுற்றி, குறுக்கே ஒரு சாமந்திச் சரம். ஜெர்மனியில் பரிசுப் பொருளுக்கு ரிப்பன் கட்டுவார்கள். நம் ஆட்கள் பூவே வைக்கிறார்கள். வழியில் பிரிக்கக் கூடாது, வீட்டுக்குப் போய்த்தான் பிரிக்க வேண்டும் என்று பாய் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். கண்ணாடி உடைந்துவிடும் என்று சொல்லியிருப்பார். டீ குடித்தேன். காசை நீட்டினால் டீக்கடைக்காரர் கையை ஒதுக்கிவிட்டார். "இன்னிக்கி வாணாம்," என்றார்.

பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டில் ஒரு பஸ்ஸும் நகரவில்லை. சாலையில் ஏதோ ஊர்வலம். எல்லா டிரைவர்களும் ஒரே மரத்தடியில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெளியே வந்து நின்றேன். குட்டியானை என்று நாங்கள் சொல்லும் சின்ன லாரி ஒன்று, தண்ணீர் கேன்கள் ஏற்றிக்கொண்டு, காது கிழியும் பாட்டோடு வந்தது. கை காட்டினேன்.

"ஆவடியா? ஏறு மாமே," என்றார் டிரைவர். என்னைவிட நாலைந்து வயது கூடுதலாக இருக்கும். ஏறி உட்கார்ந்து படத்தை மடியில் வைத்தேன். அவர் பார்வை அதன் மேல் விழுந்தது. "பாய் கடை பேக்கிங்கா?" என்று கேட்டு, பாட்டை அணைத்தார்.

வண்டி வெளிவட்டச் சாலையில் ஏறியது. அந்தச் சாலையில் எறும்புகூட வேகமாகப் போகும். அவர் மட்டும் ஓரமாக, மெதுவாக, பள்ளம் பார்த்து ஓட்டினார். இவ்வளவு நிதானமாக ஓடிய வண்டியில் நான் ஜெர்மனியிலும் போனதில்லை.

"யாரு?"

"மாமனாரு. அவருக்குத்தான் எடுத்துட்டுப் போறேன்."

"எத்தினி வயசு?"

"அறுபது ஆகப்போகுது."

"கொடும மாமே," என்றார். அறுபதில் என்ன கொடுமை என்று எனக்கு விளங்கவில்லை. வயதாவதை நினைத்து இப்போதே பயப்படுகிறார் பாவம் என்று, அறுபதுக்குமேலும் ஆரோக்கியமாக வாழலாம் என்பதைப் பற்றிச் சில கருத்துகளைச் சொன்னேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

தண்ணீர் கேன் இறக்க வேண்டிய இடம் நெமிலிச்சேரி. ஆவடிக்குத் திரும்பும் வழி பின்னால் போய்விட்டது என்று அங்கே போனபிறகுதான் தெரிந்தது. என்னைத் தேற்றும் கவலையில் திரும்ப வேண்டிய இடத்தை மறந்துவிட்டதாகச் சொன்னார். எதற்குத் தேற்ற வேண்டும் என்று கேட்பதற்குள், ஸ்டேஷன் வாசலில் இறக்கிவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். அங்கிருந்தும் ஆவடி மூன்றாவது ஸ்டேஷன்தான். எந்தப் பக்கமிருந்து வந்தாலும் ஆவடி எனக்கு மூன்றாவது ஸ்டேஷனாகவே இருந்தது.

ரயிலில் நல்ல கூட்டம். ஏறியதும் இரண்டு பேர் எழுந்து இடம் கொடுத்தார்கள். ஜன்னலோரத்தில் இருந்த அம்மா ஒருவர், கேட்காமலே தண்ணீர் பாட்டிலை நீட்டினார். கொய்யாப்பழம் விற்றுக்கொண்டு வந்தவர் என் அருகே வந்ததும் கூவலை நிறுத்தி, என்னைத் தாண்டிப் போனபின் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். எனக்கு மனம் நிறைந்துவிட்டது. ஐரோப்பாவில் கலைக்கு மரியாதை அதிகம் என்று எழுதுகிறவர்கள் யாரும் நெமிலிச்சேரி ரயிலில் ஏறியதில்லை.

குவாட்டர்ஸ் வீட்டில் மீன் குழம்பு மணம் வாசல் வரைக்கும் வந்திருந்தது. யூஸ்டஸ் சார் சலவை வேட்டி கட்டியிருந்தார். ஸ்டெல்லாவின் அம்மாவும், பக்கத்துக் குவாட்டர்ஸ் மதுரைக்காரர் ஒருவரும் இருந்தார்கள். ஸ்டெல்லா என்னைப் பார்த்து உதட்டின் மேல் விரலை வைத்தாள். நான் சிரித்தேன். படத்தை இரண்டு கைகளாலும் நீட்டினேன். எல்லாம் சொன்னபடிதான் செய்தேன்.

யூஸ்டஸ் சார் பூச்சரத்தை ஒரு மாதிரி பார்த்தார். பொட்டலத்தை மேசைமேல் வைத்தார். பிளேடால் நூலை அறுத்துத் தாளைப் பிரித்தார்.

சட்டம் அழகாக இருந்தது. அதன் உச்சியில் ஒரு சிவப்பு பல்பு. கண்ணாடியின் குறுக்கே சந்தனச் சீவல் மாலை. கீழே கறுப்புப் பட்டையில் வெள்ளை எழுத்து: 'திரு. யூஸ்டஸ் அவர்கள், ஆவடி'. அதற்குக் கீழே ஒரு பக்கம் 'தோற்றம்', இன்னொரு பக்கம் 'மறைவு'. இரண்டுக்கும் எதிரே காலி இடம். அடியில், 'கண்ணீருடன் குடும்பத்தார்'.

ஸ்டெல்லாவின் அம்மா சிலுவை போட்டுக்கொண்டார். மதுரைக்காரர் குனிந்து, எழுத்துக் கூட்டி, சத்தமாக முழுவதையும் படித்தார். படித்து முடித்துவிட்டு, "யாருக்குண்ணே இது?" என்று யூஸ்டஸ் சாரிடமே கேட்டார். ஸ்டெல்லா மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

தோளைப் பிடித்த பாய், காசு வாங்காத டீக்கடைக்காரர், கண்ணைத் துடைத்த டிரைவர், கூவலை நிறுத்திய கொய்யாக்காரர் எல்லாரும் வரிசையாக வந்து என் முன்னால் நின்றார்கள். விளக்கலாம் என்று வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது.

யூஸ்டஸ் சார் பட்டையை விரலால் தடவிப் பார்த்தார்.

"பேரு தப்பில்லாமத்தான் போட்டிருக்கான். மறைவு மட்டும் காலியாக் கெடக்கு. அத நானே பாத்துக்கிடணுமோ?"

பட்டையைவிட்டு விரலை எடுத்து என் பக்கம் திரும்பினார்.

"என்ன தம்பி, வெளக்கம் ஒண்ணும் இல்லியா?"

இல்லை என்று தலையாட்டினேன். அவர் என்னை நன்றாகப் பார்த்தார். பிறகு மாலையைக் கழற்றி ஃபிரிட்ஜின் மேல் போட்டார். மாலை மறைத்திருந்த இடமும் இப்போது தெரிந்தது.

"இது யாரு?"

"உங்க ஆளுப்பா," என்றாள் ஸ்டெல்லா. "யூஸ்டஸ். எஸ்தாக்கியாருன்னும் சொல்லுவாங்களாம். இவன் ஜெர்மனிலேருந்து வாங்கிட்டு வந்தான்."

அவருக்கு முதலில் குதிரைதான் தெரிந்தது. பிறகு கோட்டை. விரல் ஒவ்வொரு நாயாகத் தொட்டுக்கொண்டு வந்தது. கை தூக்கி மண்டியிட்டிருக்கும் ஆளிடம் நின்றது. அந்த ஆள் எதைப் பார்க்கிறான் என்று அந்தப் பக்கமாகவே மெல்லப் போனது. மானில் போய் நின்றது.

"ஏட்டி, இங்க பாரு. கொம்புக்கு நடுவுல. ஆண்டவரு." மனைவியைக் கூப்பிட்டுக்கொண்டே மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, மூக்கு படத்தில் இடிக்கும்வரை குனிந்தார். எனக்கு அருங்காட்சியகத்து மணி நினைவுக்கு வந்தது. ஆவடியில் எந்த மணியும் அடிக்கவில்லை. அவர் பார்த்து முடிக்கும்வரை மீன் குழம்பு ஆறிக்கொண்டிருந்தது. ஸ்டெல்லாவின் அம்மாகூட அதைச் சொல்லவில்லை.

நிமிர்ந்தபோது அவர் கண்ணோரம் ஈரமாக இருந்தது. அதை மறைக்கவோ என்னவோ, நாய்களைக் காட்டினார்.

"அஞ்சு நாயி. இம்புட்டுப் பெரிய அற்புதம் நடக்குது, ஒண்ணாவது திரும்பிப் பாக்குதா? இதுல நீங்க எது தம்பி?"

வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்த ஒன்றைக் காட்டினேன். முதலில் மதுரைக்காரர்தான் சிரித்தார். பிறகு யாராலும் நிறுத்த முடியவில்லை. ஸ்டெல்லாவின் அம்மா சிரித்துக்கொண்டே அழுதார். என்ன இருந்தாலும் அந்தப் பட்டையில் இருந்தது அவர் புருஷன் பெயர்.

சாப்பாடு எப்படி இருந்தது என்று எழுதாவிட்டால் பயணக் கட்டுரைக்கு மரியாதை இல்லை. சீலா மீன் குழம்பு, இறால் வறுவல், கடைசியில் தூத்துக்குடி முந்திரி மக்ரூன். மக்ரூன் வாயில் வைத்ததும் கரைந்துவிட்டது. நான் காத்திருந்த பதில் மட்டும் அவர் வாயிலிருந்து வரவில்லை. யூஸ்டஸ் சார் கல்யாணப் பேச்சையே எடுக்கவில்லை. வாசல்வரை வந்து, "அந்தக் கடைய எனக்குக் காட்டணும். சனிக்கெழம வாங்க," என்றார். அவ்வளவுதான்.

அந்த வாரம் முழுக்க ஸ்டெல்லாவிடமிருந்து ஒரே செய்திதான். "ஹால்ல மாட்டிட்டாரு. பல்ப எரியவிட்டு முன்னாடியே உக்காந்திருக்காரு. வர்றவங்களுக்கெல்லாம் மான் எங்க இருக்குன்னு கண்டுபிடிக்கச் சொல்றாரு. உன்னப் பத்தி ஒரு வார்த்தை பேசல."

மூன்றாம் பயணம் சனிக்கிழமை. ஆவடியிலிருந்து பூந்தமல்லி பஸ்ஸில் நானும் யூஸ்டஸ் சாரும். படத்தை என்னிடம் கொடுக்காமல் அவரே மடியில் வைத்துக்கொண்டார். இந்தமுறை சுற்றாமல் வந்ததால் பட்டையில் இருந்ததை எல்லாரும் படித்தார்கள். பக்கத்தில் நின்றவர் மெதுவாக, இறந்தவர் சொந்தமா என்று கேட்டார். "ரொம்ப நெருக்கம்," என்றார் யூஸ்டஸ் சார். நான் வழி முழுக்க வாயை மூடிக்கொண்டு வந்தேன். பருத்திப்பட்டு தாண்டியதும் அவரே கேட்டார்: "இவருக்கு அப்புறம் என்ன ஆச்சு?"

எஸ்தாக்கியாரின் பிற்கால வாழ்க்கை பெரிய கதை. மனைவியைக் கப்பல்காரன் கொண்டு போனது, மகன்களை மிருகங்கள் தூக்கிப் போனது எல்லாம் எனக்கு மனப்பாடம். "குடும்பம் பிரிஞ்சுது. திரும்பச் சேந்துது," என்றேன். கடைசியில் அவரை வெண்கலக் காளைக்குள் வைத்துச் சுட்டதை விட்டுவிட்டேன். பூந்தமல்லி பஸ்ஸில் அதற்கெல்லாம் நேரமில்லை. யூஸ்டஸ் சார் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் பேச்சை அதோடு முடித்துக்கொண்டேன் என்பதை அவரால் நம்ப முடியவில்லை என்று தோன்றியது.

கடையில் பாய் ஒரு கண்ணாடியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் முகம் இளகியது. "வா தம்பி. மனசு தேறிச்சா? தேதி கொண்டாந்தியா?" என்றார். நான் ஒதுங்கி வழி விட்டேன். யூஸ்டஸ் சார் படத்தை மேசைமேல் வைத்தார்.

"இந்தப் பட்டைய மாத்தணும் பாய்."

"மாத்திக்கலாம் சார். நீங்க யாரு?"

"யூஸ்டஸ்."

பாய் பட்டையைப் பார்த்தார். அவரைப் பார்த்தார். "ஆவடி?"

"ஆவடி."

பாயின் இரண்டு கைகளும், ஒன்றில் துணியோடு, தாமாக மேலே எழுந்தன. படத்தில் எஸ்தாக்கியார் எப்படி இருக்கிறாரோ அப்படியே இருந்தார். மண்டியிடவில்லை, கடையில் அதற்கு இடமில்லை. சுவரிலிருந்த அத்தனை பேரும் யூஸ்டஸ் சாரையே பார்ப்பது போலிருந்தது. அவர்களில் யாரும் இப்படித் திரும்பி வந்து பட்டையை மாற்றச் சொன்னதில்லை.

பாய்க்குத் தண்ணீர் கொடுத்து உட்காரவைத்தோம். டீக்கடைக்காரர் டீ கொண்டுவந்து, ஆளைப் பார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை டீக்கும் சேர்த்துக் காசைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். பழைய பட்டையை எடுத்துவிட்டு 'புனித எஸ்தாக்கியார்' என்று போடச் சொன்னார் யூஸ்டஸ் சார். பல்பு இருக்கட்டும், தன் புனிதருக்கு இத்தனை வருடமாக வெளிச்சமே இல்லை என்றார். பாய் எழுதிக்கொண்டார். மூச்சு சீரானதும் கோபம் வந்துவிட்டது. என்னை விரலால் காட்டினார்.

"இன்னா ஒரு தாராளம் பாரு சார். மாமனாரு, மாமனாருன்னு சொல்லிச்சி. ஆவறதுக்குள்ளயேவான்னு நானும் அழுதேன். நெசமாவே இந்தத் தம்பி உங்களுக்கு இன்னா வேணும்?"

யூஸ்டஸ் சார் டீயைக் கீழே வைத்தார். வாயைத் துடைத்துக்கொண்டார். லேத்தில் கடைசி இழை எடுக்கும் முன் அளவு பார்ப்பது போல் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார்.

"எம் மாப்ள," என்றார். "அந்த நாயி மாதிரி. எதையாவது ஒண்ணப் பாத்துக்கிட்டு நிப்பான். மத்தபடி நல்ல பையன்."

நான் ஒன்றும் விளக்கவில்லை.